கழற்றி வைக்கிற கம்பம்: மூன்று பிடிகள், இரண்டு வம்சங்கள், ஒரு கூரைக் கணக்கு

2006 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு சின்ன சர்ச்சை கிளம்பியது. டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்டின் இணையக் கடையில், பொம்மைகளும் விளையாட்டுச் சாமான்களும் இருக்கிற பகுதியில், 'பீக்கபூ போல் டான்சிங் கிட்' என்று ஒரு பெட்டி விற்பனைக்கு இருந்தது. விலை 49.97 பவுண்டு. உள்ளே எட்டரை அடி வரை நீளும் ஒரு குரோம் கம்பம், ஆடக் கற்றுத்தரும் டிவிடி, தொடையில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை, அதில் செருகுவதற்கு விளையாட்டு நோட்டுகள். பெற்றோர்கள் கொதித்தார்கள், பத்திரிகைகள் எழுதின. டெஸ்கோ அதைப் பொம்மைப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டு, உடற்பயிற்சிச் சாமான் என்று சொல்லி விற்பனையைத் தொடர்ந்தது.

அன்றைக்கு எல்லோரும் கேட்ட கேள்வி, "குழந்தைகள் பார்க்கிற இடத்தில் இதை வைக்கலாமா?" என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் இன்னொரு கேள்வியும் இருந்தது. ஒரு முழு ஆள் தொங்கிச் சுழலப்போகிற சாமான் இது. கழற்றி மாட்டுகிற இந்தக் குழாய் அதைத் தாங்குமா? அந்தக் குறிப்பிட்ட பெட்டி தரமானதா இல்லையா என்பது இங்கே என் விஷயம் இல்லை. பொம்மை வரிசையில் இருக்கிற ஒரு சாமானிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள் என்பதுதான் விஷயம்.

நான் இந்தப் பக்கம் வந்தது மல்லர் கம்பம் வழியாக. அதற்காகக் குறிப்பு சேர்த்துக்கொண்டிருந்தபோது, "போல் டான்ஸ் என்பதே நம்ம மல்லர் கம்பத்திலிருந்து போனதுதான்" என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் திரும்பத் திரும்ப வந்தது. அதே சமயம், இங்கிலாந்தில் வாடகை அறையில் தங்கிப் படிக்கிற உறவுக்காரப் பெண் ஒருத்தி வேறொரு கேள்வி கேட்டாள். "சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்லை, கையில காசும் அதிகம் இல்ல. கழற்றி வைக்கிற கம்பம் எதை வாங்கலாம் மாமா?" ஒன்று வரலாற்றுக் கேள்வி, மற்றது கடைக் கேள்வி. தேடத் தேட, இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

(தமிழில் 'போல்' என்று எழுதினால் 'மாதிரி' என்று படித்துவிடும் ஆபத்து இருப்பதால், இனி கம்ப நடனம் என்றே எழுதுகிறேன்.)

மூன்று கம்பங்கள், மூன்று பிடிகள்

உலகத்தில் மனிதன் ஏறி வித்தை காட்டும் கம்பங்கள் பல. நம் ஊர்த் திருவிழாவில் எண்ணெய் தடவிய வழுக்கு மரம்கூட அதில் ஒன்று. ஆனால் கம்ப நடனத்தின் மூதாதை என்று பொதுவாகச் சொல்லப்படுபவை இரண்டு: நம் மல்லர் கம்பம், சீன சர்க்கஸ் கம்பம்.

மல்லர் கம்பம் மல்யுத்த வீரர்களின் பயிற்சிச் சாதனம். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேஸ்வரன் பெயரில் இருக்கும் 'மானசோல்லாசம்' என்ற சம்ஸ்கிருத நூலில், மல்லர்களின் பயிற்சிகளைச் சொல்லும் இடத்தில் தூண் பயிற்சியும் வருகிறது. பிறகு வெகுகாலம் பேச்சில்லை. இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவாக இருந்த காலத்தில் (1796 - 1818) அவருடைய அவையில் இருந்த பாலம்பட்ட தாதா தேவதர் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார் என்பது மராட்டிய மரபு. தேக்கு அல்லது சீசம் மரம். அடியில் பருத்து, மேலே போகப்போகச் சிறுத்து இருக்கும். மண்ணில் ஆழமாக நட்டிருப்பார்கள். மேலே விளக்கெண்ணெய் பூசுவார்கள். தோல் உரசிக் காயம் ஆகாமல் இருக்க அந்த எண்ணெய் வேண்டும். வழுக்கும் மரத்தைத் தொடையாலும் காலாலும் இறுக்கிப் பிடிப்பதுதான் பயிற்சியே.

சீனக் கம்பம் வேறு வகை. உயரம் அதிகம்; சர்க்கஸில் ஆறேழு மீட்டர் சாதாரணம். உலோகக் கம்பத்துக்கு மேலே ரப்பர் உறை. நாலா பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள் அதை நிறுத்தி வைத்திருக்கும். ஏறுகிறவர்கள் முழுக்கால் சட்டை, முழுக்கை மேல்சட்டை, காலணி எல்லாம் போட்டிருப்பார்கள். துணியும் ரப்பரும் உரசுவதுதான் பிடி. வெறும் தோலோடு ஏறினால் ரப்பர் தோலை உரித்துவிடும்.

இப்போது கம்ப நடனத்தின் கம்பத்தைப் பாருங்கள். வழவழப்பான மெல்லிய உலோகக் குழாய். எண்ணெய் கிடையாது, ஆடுவதற்கு முன்னால் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார்கள், கையில் சாக்குத்தூள் தடவிக்கொள்வார்கள். துணி கிடையாது, துணி பட்டால் வழுக்கும். வெறும் தோலும் உலோகமும் ஒட்டுவதுதான் பிடி. "ஏன் இவ்வளவு குறைச்சலா உடுத்துறாங்க?" என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் இதுதான். முழங்கால் மடிப்பு, உள்தொடை, அக்குள், இடுப்பின் ஓரம், இவை எல்லாம் வேலை செய்யும் பிடிகள். மூடினால் விழுவார்கள்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாட்ஸப் செய்தி நிற்காது. எண்ணெய் மரத்தில் பழகியவரின் உடம்பு அறிந்த பிடி வேறு, ரப்பரில் பழகியவருடையது வேறு, குரோமில் பழகியவருடையது வேறு. சில அசைவுகள் ஒன்றுபோல இருப்பது உண்மை. செங்குத்துக் கம்பத்தில் மனித உடம்பு செய்யக்கூடியது இவ்வளவுதான் என்பதால் அப்படி இருக்கலாம். பிற்காலத்தில் கம்ப நடனக்காரர்கள் மல்லர் கம்பத்திலிருந்தும் சர்க்கஸிலிருந்தும் தாராளமாகக் கடன் வாங்கினார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த மெல்லிய, எண்ணெய் இல்லாத உலோகக் குழாய் வந்த இடம் அகாராவும் அல்ல, சர்க்கஸும் அல்ல. அது வட அமெரிக்காவின் ஸ்ட்ரிப் கிளப்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மல்லர் கம்ப வம்சாவளி என்ற கதை பெரும்பாலும் இந்தப் பெண்களை வரலாற்றிலிருந்து துடைத்து எடுக்கத்தான் பயன்படுகிறது. மல்லர் கம்பத்துக்கு இந்தப் பெருமை தேவையும் இல்லை. அது தன் சொந்தக் காலில் நிற்கிறது. 2013இல் மத்தியப் பிரதேசம் அதை மாநில விளையாட்டாகவே அறிவித்தது.

கிளப்பிலிருந்து வீட்டுக்கு

கிளப்பில் இருந்த கம்பம் நிரந்தரமானது. தரையிலும் கூரையிலும் போல்ட் போட்டு இறுக்கியது. கட்டடம் முதலாளியுடையது, ஓட்டை போட யாரையும் கேட்க வேண்டாம்.

1990களில் கனடாவைச் சேர்ந்த ஃபானியா மாண்டே போன்றவர்கள், கிளப்பில் கற்ற வித்தையை வெளியே இருக்கும் பெண்களுக்கு உடற்பயிற்சியாகக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்க நடிகை ஷீலா கெல்லி, ஸ்ட்ரிப் கிளப் பெண்களைப் பற்றிய 2000ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் நடிக்கப்போய் இதைப் பழகி, பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் 'எஸ் ஃபாக்டர்' என்ற பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். பிரிட்டனிலும் அதே காலத்தில் வகுப்புகள் பரவின. 2009இல் கேட்டி கோட்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி முன்னின்று சர்வதேச கம்ப விளையாட்டுக் கூட்டமைப்பைத் தொடங்கினார். 2012இல் லண்டனில் உலகப் போட்டி நடந்தது. 2017இல் உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் சங்கம் அதற்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது.

வகுப்புக்குப் போகிறவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான் கம்பம் கிடைக்கும். அந்த நேரத்தையும் இன்னும் இரண்டு பேரோடு பங்கிட வேண்டிவரும். வீட்டில் ஒன்று இருந்தால் நல்லது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வீடு யாருடையது? லண்டனிலோ டொரண்டோவிலோ இந்த வகுப்புக்குப் போன பலர் வாடகைக்காரர்கள். கூரையில் ஓட்டை போட்டால் முன்பணம் போச்சு. சொந்த வீடாகவே இருந்தாலும், மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ வருகிறபோது நடுக்கூடத்தில் அது நின்றுகொண்டிருப்பதைப் பலர் விரும்பவில்லை. இந்த இரண்டு கட்டாயமும் சேர்ந்துதான் கழற்றி வைக்கிற கம்பம் பிறந்தது. ஒன்று பணக் கட்டாயம், மற்றது மானக் கட்டாயம். 2020 மார்ச்சில் பிரிட்டனில் பயிற்சிக் கூடங்களை எல்லாம் மூடியபோது மூன்றாவது கட்டாயமும் சேர்ந்துகொண்டது.

இரண்டு வம்சங்கள்

ஓட்டை போடாமல், ஆணி அடிக்காமல், தரைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு குழாயை நிறுத்துவது எப்படி? இந்தப் பிரச்சினை கம்ப நடனத்துக்கு முன்பே இரண்டு வெவ்வேறு தொழில்களில் தீர்க்கப்பட்டிருந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதல் தீர்வு கட்டட வேலையில். வில்லியம் டி விஜியே என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1930களின் நடுவில் லண்டனில், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இரும்பு முட்டு ஒன்றை விற்கத் தொடங்கினார். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்குழாயில் வரிசையாக ஓட்டைகள், அதில் ஒரு பின் செருகினால் உயரம் ஏறத்தாழ அமையும். வெளிக்குழாயின் தலையில் மரை. அதில் இருக்கும் பெரிய நட்டைத் திருகினால் கடைசி அங்குலம் இறுகும். கம்பெனிக்கு ஆக்ரோ என்று பெயர்; தன் வக்கீல் ஏ. குரோ என்பவரின் பெயரையே சேர்த்து எழுதிவிட்டாராம். நம் ஊரில் தளம் போடும்போது சென்ட்ரிங் பலகைக்குக் கீழே நிறுத்துகிற இரும்பு ஜாக்கி அந்தக் குடும்பம்தான். அதற்கு முன்னால் சவுக்குக் கட்டையை வெட்டி, அடியில் ஆப்பு வைத்து அடித்து முட்டுக் கொடுத்தார்கள். இன்றும் பல இடங்களில் அப்படித்தான்.

இரண்டாவது தீர்வு வரவேற்பறையில். 1950களிலும் 60களிலும் அமெரிக்க வீடுகளில் ஒரு வகைக் கம்ப விளக்கு பிரபலம். தரையிலிருந்து கூரை வரை ஒரு மெல்லிய குழாய், அதில் மூன்று விளக்குகள். குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங். அமுக்கிப் பிடித்து நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால் ஸ்பிரிங் விரிந்து கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். குளியலறைத் திரையைத் தாங்கும் ஸ்பிரிங் கம்பியும் இதே இனம்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் நிற்கும். ஆனால் முட்டு திருகால் நிற்கிறது, விளக்கு ஸ்பிரிங்கால் நிற்கிறது. ஒன்று காங்கிரீட்டைத் தாங்க வந்தது, மற்றது பல்பைத் தாங்க வந்தது. வீட்டுக் கம்பம் விற்கிற இடத்தில் இந்த இரண்டு வம்சத்துச் சாமான்களும் ஒரே படம், ஒரே பளபளப்போடு பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. குறைந்த காசில் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, கையிலிருப்பது எந்த வம்சம் என்பதைத்தான்.

கூரைக் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தோராயம்தான், ஆனால் அளவு புரியும்.

கம்பத்தில் தொங்குகிறவரின் எடை கூரைக்குப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் போகாது, எடை கம்பத்தின் வழியே கீழே தரைக்குப் போகிறது. கூரையின் வேலை, கம்பத்தின் தலை பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது. அங்கே ஓட்டையோ ஆணியோ இல்லை. மேல் தட்டின் ரப்பருக்கும் கூரைக்கும் இடையில் இருக்கும் உராய்வு ஒன்றுதான் பிடி.

60 கிலோ எடையுள்ள ஒருவர், 2.5 மீட்டர் கம்பத்தின் நடுவில், உடலின் மையம் கம்பத்திலிருந்து அரை மீட்டர் வெளியே இருக்கிற மாதிரி தொங்குகிறார். அவர் சும்மா இருந்தாலே கம்பத்தின் தலையைச் சுமார் 12 கிலோ விசை பக்கவாட்டில் இழுக்கும். அவர் ஒன்றரை வினாடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சுழன்றால், வெளிநோக்கி இழுக்கிற விசை சுமார் 53 கிலோ. அதில் பாதி தலைக்கு, பாதி அடிக்கு. ஆக மொத்தம் கம்பத்தின் தலையில் 38, 39 கிலோ. ரப்பருக்கும் பெயிண்டுக்கும் உராய்வுக் கெழு 0.5 என்று வைத்தால், தலை நகராமல் இருக்கக் கம்பம் கூரையை ஏறத்தாழ 77 கிலோ விசையோடு அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இன்னும் மேலே ஏறிச் சுழன்றால் தலையின் பங்கு கூடும். குதித்துப் பிடித்தால் இன்னும் கூடும்.

அதாவது, கூரையில் ஒரு ஆள் தலைகீழாக நின்றுகொண்டிருக்கிற மாதிரி அழுத்தம் எப்போதும் இருக்க வேண்டும். கையால் அமுக்கி நிறுத்துகிற ஸ்பிரிங்குக்கு இது எட்டாது. உங்கள் கை கொடுத்த விசையைத்தான் அது திருப்பிக் கொடுக்கும்.

இந்த அழுத்தத்தைக் கூரை தாங்குமா என்பது அடுத்தது. பிரிட்டிஷ் வீடுகளில் பல இடங்களில் கூரை என்று நாம் நிமிர்ந்து பார்ப்பது 12.5 மில்லிமீட்டர் பிளாஸ்டர் போர்டு. அதற்கு மேலே, பெரும்பாலும் 400 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, மர உத்தரங்கள் ஓடும். கம்பத்தின் தலை உத்தரத்துக்கு நேர் கீழே இருந்தால் பிடிக்கும். இரண்டு உத்தரங்களுக்கு நடுவில் இருந்தால் பலகை வளையும், விரிசல் விடும், அழுத்தம் தளரும். தரையில் மெத்தென்ற கம்பளம் இருந்தால் அதுவும் எதிரிதான். ஆள் ஏறும்போது கம்பம் கம்பளத்துக்குள் அமுங்கும், அந்த அளவுக்கு மேலே பிடி விடும். பழைய மல்லர் கம்பத்தை மண் பிடித்துக்கொண்டது, சீனக் கம்பத்தைக் கம்பிகள் பிடித்துக்கொண்டன. வீட்டுக் கம்பத்துக்கு வீடுதான் பாதிச் சாதனம். அந்தப் பாதியை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

காசு எங்கே போகிறது

பெயர்பெற்ற கழற்றுக் கம்பங்கள் சில நூறு பவுண்டு. பெயரில்லாதவை நூறு பவுண்டுக்குள். இந்த வித்தியாசம் வெறும் பெயருக்கா, வேறு ஏதாவதுக்கா? ஒவ்வொன்றாகப் பிரித்தால் தெரியும்.

முதலில் இணைப்பு. கழற்றி எடுத்துவைக்க வேண்டுமானால் கம்பம் துண்டு துண்டாக இருக்க வேண்டும். மலிவான வழி, முட்டு மாதிரியே குழாய்க்குள் குழாய். அதில் மேல்பாதி மெலிந்து, நடுவில் ஒரு விளிம்பு இருக்கும். சரியாகக் கையும் தொடையும் வழுக்கிவருகிற இடம் அது. பிரிட்டனின் எக்ஸ்‑போல் கம்பெனி இதை வேறு மாதிரி தீர்த்தது. ஒரே பருமனுள்ள துண்டுகள். உள்ளே ஒரு இணைப்புக் கட்டை. சின்ன ஓட்டை வழியாக ஆலன் கீ விட்டுத் திருகினால் அந்தக் கட்டை விரிந்து இரண்டு குழாயையும் உள்ளிருந்து பற்றிக்கொள்ளும். வெளியே தடவினால் மெல்லிய கோடு மட்டும்தான் தெரியும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்துக்குப் போகிறது.

இரண்டாவது குழாயின் கனம். இதை விளம்பரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் எடையைச் சொல்வார்கள். 45 மில்லிமீட்டர் பருமன், 2.5 மீட்டர் நீளம் உள்ள இரும்புக் குழாயின் சுவர் 2 மில்லிமீட்டர் கனம் என்றால் குழாய் மட்டும் ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். 1 மில்லிமீட்டர் என்றால் இரண்டேமுக்கால் கிலோதான். அடித்தட்டு, தலைத்தட்டு எல்லாம் சேர்த்தே பெட்டி நாலைந்து கிலோ என்று போட்டிருந்தால் குழாய் மெலிசு என்று அர்த்தம். விலை குறைந்த சாமானை எடைபோட்டுப் பார்ப்பது நம்ம ஊர்ப் பாத்திரக்கடைப் பழக்கம்தானே, அதை இங்கேயும் காட்டலாம்.

மூன்றாவது தலைத்தட்டு. அகலமாக இருந்தால் அழுத்தம் பரவும், கூரைக்கு நல்லது. உள்ளங்கை அளவில் இருந்தால் பலகையில் பள்ளம் விழும்.

நான்காவது, 'இத்தனை கிலோ தாங்கும்' என்ற அட்டை. அந்த எண் பெரும்பாலும் நேர்க்கீழாக இறங்கும் எடைக்கு. நாம் மேலே பார்த்த மாதிரி கம்பத்தைச் சாய்ப்பது பக்கவாட்டு விசை. அட்டையில் 150 கிலோ என்று இருப்பது உங்கள் கூரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சரி, எதை விட்டுக்கொடுக்கலாம்? சுழலும் வசதியை விடலாம். பேரிங் வைத்துக் கம்பமே சுழல்கிற வகை கூடுதல் விலை. ஆரம்பத்தில் அசையாத கம்பமே போதும், பிடி பழகவும் அதுதான் நல்லது. மேல்பூச்சில் ஆடம்பரம் வேண்டாம். தங்க நிற டைட்டானியம் பூச்சு அழகுதான், ஆனால் சாதாரண குரோமில் பழகியவர்கள்தான் அதிகம். ஒரு விதிவிலக்கு உண்டு. குரோமுக்கு அடியில் பொதுவாக நிக்கல் பூச்சு இருக்கும். கவரிங் நகை போட்டால் அரிக்கிறவர்களுக்கு இதுவும் அரிக்கலாம். அவர்கள் எவர்சில்வருக்கோ பவுடர் கோட்டிங்குக்கோ போவது நல்லது. பருமன், பழைய கிளப் கம்பங்களில் 50 மில்லிமீட்டர் சகஜம், இப்போது போட்டிகளில் 45. வகுப்பில் எது இருக்கிறதோ அதையே வாங்கினால் கை குழம்பாது. மேடையோடு வருகிற தனித்து நிற்கும் வகை கூரையே கேட்காது, ஆனால் விலையும் எடையும் இடமும் அதிகம். அது இந்தக் கதைக்கு வெளியே.

எதை விட்டுக்கொடுக்கக் கூடாது? திருகு, இணைப்பு, குழாயின் கனம், தலைத்தட்டு. நான்கும் முட்டு வம்சத்துச் சொத்துகள். கையில் இருக்கும் காசு புதுசுக்குப் போதவில்லை என்றால், விளக்கு வம்சத்தில் புதியதை வாங்குவதைவிட முட்டு வம்சத்தில் பழையது மேல். துண்டுகளாக வருவதில் உள்ள நன்மை, தேய்ந்த ரப்பரையோ ஒரு துண்டையோ மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். பழையதை வாங்கும்போது இணைப்புக் கட்டைகள் விரிகின்றனவா, மரை தேய்ந்திருக்கிறதா, குழாயில் நசுங்கல் இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும்.

உறவுக்காரப் பெண்ணுக்கு நான் அனுப்பிய பதிலும் இதுதான். "முதல்ல கூரையைத் தட்டிப்பாரு, உத்தரம் எங்க ஓடுதுன்னு கண்டுபிடி, வீட்டுக்காரரிடம் கேளு, உயரத்தை அளந்து எழுது. அதுக்கப்புறம் கடை." அவள் அளந்து பார்த்ததில் அறைக் கூரை தொங்கவிட்ட பொய்க்கூரை என்று தெரிந்தது. கம்பம் வாங்கவில்லை, அந்தக் காசில் மூன்று மாதம் வகுப்பில் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

நம் வீட்டுக் கூரை

நம் ஊரில் வாங்க நினைக்கிறவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. காங்கிரீட் தளம் என்பதால் உத்தரம் தேட வேண்டாம், தரை கிரானைட்டோ டைல்ஸோ என்பதால் அமுங்காது. ஆனால் வெளிநாட்டுக் கம்பங்களின் சாதாரண அளவு ஏறத்தாழ 2.2 மீட்டரிலிருந்து 2.7 மீட்டர் வரைதான். நம் வீடுகளில் பத்தடி உயரம் சாதாரணம், அதாவது 3.05 மீட்டர். கூடுதல் துண்டு ஒன்று வாங்க வேண்டிவரும், விலை அங்கே ஏறும். பி.ஓ.பி. பொய்க்கூரை போட்ட அறையில் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு அடித்த கூரை என்றால் தூள் உதிர்ந்து ரப்பரின் பிடி போய்விடும். சுரண்டி எடுத்துப் பெயிண்ட் அடித்த பிறகுதான் நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்தினாலும், ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்பும் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். சென்ட்ரிங் மேஸ்திரி காங்கிரீட் கொட்டுவதற்கு முன் ஒவ்வொரு முட்டையும் தட்டிப் பார்ப்பார் இல்லையா, அதே காரணம்.

பெயர் யாருக்கு

2015, 2016 வாக்கில் சமூக வலைத்தளங்களில் ஒரு சண்டை நடந்தது. உடற்பயிற்சிக்காகக் கம்பம் பழகும் பெண்கள் சிலர், தங்கள் படங்களோடு 'நான் ஸ்ட்ரிப்பர் அல்ல' என்ற அர்த்தத்தில் ஒரு ஹேஷ்டேக் போட்டார்கள். கிளப்பில் ஆடுகிற பெண்கள், 'ஆமாம், நான் ஸ்ட்ரிப்பர்தான்' என்று இன்னொன்றைப் போட்டுப் பதில் சொன்னார்கள். அவர்கள் கேட்டது எளிமையான கேள்வி: "எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து முகம் சுளிப்பது என்ன நியாயம்?" ஒரு கலையை அது தோன்றிய இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து, கழுவித் துடைத்து, மேடையேற்றுகிற கதை நமக்குப் புதிதில்லை. சதிர் பரதநாட்டியம் ஆனபோது இசை வேளாளர் பெண்களுக்கு என்ன நடந்தது என்று படித்தவர்களுக்கு இந்தச் சண்டை உடனே புரியும்.

இந்த வெட்கத்துக்கும் மேலே போட்ட கூரைக் கணக்குக்கும் தொடர்பு இருக்கிறது. கேலிக்குரிய சாமான் என்று எதைச் சமூகம் முடிவுகட்டுகிறதோ, அதை வாங்குகிறவர் நாலு பேரிடம் விசாரிக்க முடிவதில்லை. பிரஷர் குக்கர் வாங்கினால் அக்கா, அத்தை, பக்கத்து வீடு எல்லோரிடமும் கேட்டுத்தான் வாங்குகிறோம். இதை வாங்குகிறவர் ராத்திரி தனியாக மொபைலில் படம் பார்த்து, விலை பார்த்து, சத்தமில்லாமல் வாங்குகிறார். எந்த வம்சம் என்று சொல்ல அவருக்கு ஆளில்லை. விழுந்தாலும் வெளியே சொல்லமாட்டார். ஸ்பிரிங் வைத்த குழாய்கள் இன்னும் சந்தையில் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதினேன். அடுத்த குறிப்பு கயிறு மல்லர் கம்பம் பற்றி. முன்பு பிரம்பில் ஆடியதைப் பிறகு பருத்திக் கயிற்றுக்கு மாற்றினார்கள். இன்று பெண்கள் அதிகம் பழகுவது அதுதான். விழுப்புரம் பக்கம் மல்லர் கம்பம் பழகியவர்கள், பழக்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். கம்பத்தை எந்த மரத்தில் செய்தார்கள், எவ்வளவு ஆழம் நட்டார்கள், எவ்வளவு செலவு ஆனது, இந்த மூன்றும் எனக்கு வேண்டும்.